ஹால் உந்தியின் அலைவுகள்: அதிர்வெண்ணை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

மின்சாரத்தால் முடுக்கிய அயனிகளை வெளியேற்றி விண்கலத்தைத் தள்ளும் எஞ்சின் ஹால் உந்தி. எஸ்பிடி-100 என்ற ரஷ்ய ஹால் உந்தியின் தரவுத்தாளில் 300 வோல்ட், 4.5 ஆம்பியர், 1.35 கிலோவாட் என்று இருக்கும். மின்வழங்கியின் மீட்டரும் 4.5 என்றே காட்டும். ஆனோடுக்குப் போகும் கம்பியில் ஒரு கரண்ட் புரோபை மாட்டி ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் வேறு காட்சி. 4.5 என்பது வெறும் சராசரி. காந்தப்புலம் சரியாக அமையாதபோது மின்னோட்டம் விநாடிக்கு இருபதாயிரம் தடவை ஏறி இறங்கும். சில நிலைகளில் ஏறக்குறைய சுழியம் வரை இறங்கிவிட்டுச் சராசரியின் இரு மடங்குக்கு எகிறும்.

இந்த ஏற்ற இறக்கத்தை எஃப்எஃப்டி (அலையை அதிர்வெண் வாரியாகப் பிரித்து நிறமாலையாகக் காட்டும் கணக்கு) போட்டு, 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு முகடு கண்டதும் "மூச்சலைவு" (வாயு தீர்ந்து மறுபடி நிரம்பும் அலைவு) என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது பரவலான பழக்கம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும் என்பதுதான் சிக்கல். சரியாக இல்லாத தடவைகளில் அந்த முகடு மின்வழங்கியின் ஃபில்டராகவோ, கேத்தோடாகவோ, உந்தியின் வளையச் சேனலைச் சுற்றி ஓடும் பிரகாசமான பட்டைகளான ஆரக்கால்களாகவோ, மாதிரியெடுப்புப் பிழையாகவோ இருக்கும். அதிர்வெண் ஒன்றை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. அலைவு எங்கே நடக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது, எதை மாற்றினால் அது மாறுகிறது என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும்.

உந்தியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போரான் நைட்ரைடு கலந்த பீங்கானால் ஆன வளைய வடிவச் சேனல். அதன் அடியில் ஆனோடு. அதன் வழியே செனான் வாயு உள்ளே வரும். சேனலின் வாய்ப்பக்கம் ஆரத்திசையில் 15 முதல் 20 மில்லிடெஸ்லா காந்தப்புலம். வெளியே உள்ள கேத்தோடிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் ஆனோடை நோக்கி ஓட முயலும்போது அந்தக் காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்டு சேனலைச் சுற்றி வட்டமடிக்கும். 20 எலெக்ட்ரான்வோல்ட் எலெக்ட்ரானுக்கு அங்கே சுழல் ஆரம் முக்கால் மில்லிமீட்டர்தான். 300 வோல்ட்டில் முடுக்கப்பட்ட செனான் அயனிக்கோ அது ஒரு மீட்டருக்கும் மேல். சேனலின் நீளம் 25 மில்லிமீட்டர் என்பதால் அயனி காந்தப்புலத்தைப் பொருட்படுத்தாமல் நேராக விநாடிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாயும். இயற்பியலாளர் மொரோசோவின் குழு சோவியத் நாட்டில் உருவாக்கிய இந்த வகை உந்தி 1971 டிசம்பரில் ஏவப்பட்ட மீட்டியோர் செயற்கைக்கோளில் முதன்முதலாக விண்ணுக்குப் போனது. 2003-இல் ஐரோப்பாவின் ஸ்மார்ட்-1 இதே வகை உந்தியைக் கொண்டுதான் நிலவுக்குச் சென்றது. இஸ்ரோ தன் 300 மில்லிநியூட்டன் உந்தியை 5.4 கிலோவாட்டில் ஆயிரம் மணி நேரம் ஓட்டிய சோதனையை 2025 மார்ச்சில் முடித்தது. ஆற்றல் கூடக் கூட இங்கே பேசப்போகும் ஆம்பியர் வீச்சுகளும் கூடும்.

முதலில் மூச்சலைவு. சேனலுக்குள் வரும் நடுநிலை அணுக்கள் மெதுவாக, விநாடிக்கு 200 முதல் 300 மீட்டர் வேகத்தில் நகர்பவை. அயனியாக்கம் நடக்கும் பகுதியில் அவை மொத்தமாக எரிந்து தீர்ந்துவிடும். பிறந்த அயனிகள் உடனே வெளியேறிவிடும். அந்தப் பகுதி வெறுமையாகும், மின்னோட்டம் விழும். புது அணுக்கள் வந்து நிரம்ப வேண்டும். நிரம்பியதும் மறுபடி பற்றிக்கொள்ளும். ஒரு சென்டிமீட்டர் நீளப் பகுதியை விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் நிரப்ப 40 மைக்ரோவிநாடி ஆகும், அதாவது 25 கிலோஹெர்ட்ஸ். இவ்வளவு எளிய கணக்கே சரியான எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

பாடங்களில் வருவது இரை-வேட்டையாடி மாதிரி: அயனி வேகத்தையும் நடுநிலை வேகத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதை அயனியாக்கப் பகுதியின் நீளத்தாலும் இரண்டு பையாலும் வகுக்க வேண்டும். இதில் அயனி வேகம் என்று எதைப் போடுகிறோம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வெளியேறும் வேகமான 20 கிலோமீட்டரைப் போட்டால் 36 கிலோஹெர்ட்ஸ் வரும். அயனியாக்கப் பகுதிக்குள் அயனிகள் இன்னும் முழுமையாக முடுக்கப்பட்டிருக்காது. விநாடிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தால் 16 கிலோஹெர்ட்ஸ். இந்தச் சமன்பாட்டில் நீளமும் வேகமும் இரண்டுமே நம் கையில் இருப்பதால், எந்த முகட்டுக்கும் அதைப் பொருத்திவிடலாம். பொருந்தியது என்பதே சான்று ஆகாது.

அந்த மாதிரிக்கு இன்னொரு குறையும் உண்டு. ஆனோடு பக்கத்திலிருந்து நடுநிலை அணுக்கள் மாறாத வீதத்தில் வருகின்றன என்ற எல்லை நிபந்தனையை ஒழுங்காகச் சேர்த்துக் கணக்கிட்டால், அலைவு வளராமல் தானே அடங்கிவிடும். எலெக்ட்ரான் வெப்பநிலையும் கூடவே ஏறி இறங்குவதைச் சேர்த்தால்தான் வளரும் தீர்வு கிடைக்கிறது. ஆக, அதிர்வெண் எவ்வளவு என்று ஒரு யோசனை தர அந்த மாதிரி போதும். உந்தி எப்போது அமைதியாக ஓடும், எப்போது குதிக்கும் என்பதை அது சொல்லாது.

வீச்சு ஏன் அவ்வளவு பெரிதாகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. விநாடிக்கு 1 மில்லிகிராம் செனான் முழுவதும் ஒற்றை அயனிகளானால் 0.735 ஆம்பியர். எஸ்பிடி-100-இன் ஆனோடுக்கு விநாடிக்குச் சுமார் 5 மில்லிகிராம் போகிறது, அதாவது 3.7 ஆம்பியர். 4.5-இல் மீதி பெரும்பாலும் எலெக்ட்ரான் ஓட்டம். ஒரு கணத்தில் 8 ஆம்பியர் பாய்கிறது என்றால் அந்தக் கணத்தில் வரும் வாயுவால் மட்டும் அது முடியாது; சேனலில் முன்பே சேர்ந்திருந்த அணுக்கள் ஒரே மூச்சில் எரிகின்றன, கூடவே எலெக்ட்ரான் கசிவும் எகிறுகிறது.

அளவீட்டுக்கு வருவோம். இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது.

மின்வழங்கிக்கும் உந்திக்கும் நடுவே ஒரு ஃபில்டர் இருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் நெடுநாள் பயன்பட்ட அமைப்பு: தொடரில் 1.3 ஓம், இணையாக 95 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அதன் வெட்டு அதிர்வெண் சுமார் 1.3 கிலோஹெர்ட்ஸ். மூச்சலைவின் மின்னோட்டம் கெபாசிட்டருக்கும் உந்திக்கும் இடையிலேயே சுழலும், மின்வழங்கியைத் தொடாது. எனவே கரண்ட் புரோப் கெபாசிட்டருக்கும் உந்திக்கும் நடுவில் இருக்க வேண்டும். மின்வழங்கிப் பக்கம் மாட்டினால் உந்தி சாந்தமாக ஓடுவதுபோல ஒரு பொய்ப்படம் கிடைக்கும்.

கெபாசிட்டரின் அளவும் அலைவை மாற்றும். 20 கிலோஹெர்ட்ஸில் 10 ஆம்பியர் வீச்சுள்ள சைன் அலை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 160 மைக்ரோகூலும் மின்னூட்டம் உள்ளே வெளியே போகிறது. 95 மைக்ரோஃபாரட்டில் அது 1.7 வோல்ட் ஆட்டம், கண்டுகொள்ள வேண்டாம். 10 மைக்ரோஃபாரட் என்றால் 16 வோல்ட். மின்னழுத்தம் அந்த அளவுக்கு ஆடும்போது உந்தி வேறு நிலையில் ஓடுகிறது என்று பொருள். விண்கலத்து மின்னணுப் பெட்டியில் எடை குறைக்கச் சிறிய கெபாசிட்டரும் ஒரு இண்டக்டரும் வைப்பார்கள். எடுத்துக்காட்டாக 0.3 மில்லிஹென்றியும் 10 மைக்ரோஃபாரட்டும் சேர்ந்தால் 2.9 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு. நிறமாலையில் அங்கே ஒரு முகடு நின்றால், பிளாஸ்மா இயற்பியலைத் தேடிப் போகும் முன் கெபாசிட்டரை நான்கு மடங்காக்கிப் பாருங்கள். முகடு பாதி அதிர்வெண்ணுக்கு இறங்கினால் அது ஃபில்டர்தான்.

கேபிளும் சும்மா இருப்பதில்லை. வெற்றிடக் கலனின் சுவர் வழியே உந்திவரை ஓடும் கம்பிகளில் 10 மைக்ரோஹென்றி இருந்தால் 20 கிலோஹெர்ட்ஸில் அது 1.26 ஓம். 10 ஆம்பியர் வீச்சுக்கு 12.6 வோல்ட் கேபிளிலேயே விழும். கலனுக்கு வெளியே அளந்த மின்னழுத்தம் ஆனோடில் இருக்கும் மின்னழுத்தம் அல்ல. போக்குக் கம்பியையும் வரவுக் கம்பியையும் முறுக்கி ஓட்டுங்கள், கெபாசிட்டரைக் கலனின் சுவரோரம் வையுங்கள், மின்னழுத்தத்தைத் தனி உணர்கம்பிகளால் உந்தியின் முனையிலேயே எடுங்கள். கேபிள் நீளத்தை ஆய்வுக்குறிப்பில் எழுதாத முடிவுகளை வேறொரு ஆய்வகத்து முடிவுகளோடு ஒப்பிடுவது வீண்வேலை.

எந்தக் கரண்ட் புரோப்? பியர்சன் 110 போன்ற மின்மாற்றி வகை ஆம்பியருக்கு 0.1 வோல்ட் தரும், 1 ஹெர்ட்ஸிலிருந்து 20 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். நேர்மின்னோட்டத்தைக் காட்டாது. அதோடு, சில ஆம்பியர் நேர்மின்னோட்டம் நிரந்தரமாக ஓடினால் அதன் உள்ளகம் நிறைவுநிலையை நெருங்கி, குறைந்த அதிர்வெண்கள் நசுங்கிவிடும். உங்கள் உந்தியின் சராசரி மின்னோட்டத்துக்கு அது தாங்குமா என்பதைத் தரவுத்தாளில் பார்த்துவிட்டே மாட்டவேண்டும். டெக்ட்ரானிக்ஸ் டிசிபி0030ஏ போன்ற, ஹால் உணரியையும் மின்மாற்றியையும் சேர்த்த புரோப் 30 ஆம்பியர்வரை நேர்மின்னோட்டத்தையும், 120 மெகாஹெர்ட்ஸ்வரை அலைவையும் ஒன்றாகக் காட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் காந்தநீக்கம் செய்து சுழியத்தைச் சரிபார்க்க மறக்கக்கூடாது. வாய்ப்பிருந்தால் ஆனோடுக் கம்பியிலும் கேத்தோடுக் கம்பியிலும் ஒவ்வொன்று. இரண்டின் வேறுபாடு, கலனின் உலோகச் சுவர் வழியாகவும் தரையிணைப்பு வழியாகவும் எவ்வளவு ஓடுகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

பதிவு செய்வதில் ஒரு எளிய கணக்கு. விநாடிக்கு 20 லட்சம் மாதிரிகள், அரை விநாடிப் பதிவு, மொத்தம் 10 லட்சம் புள்ளிகள். அதை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக, பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வெட்டினால் 49 துண்டுகள். ஒவ்வொன்றிலும் சராசரியைக் கழித்து, துண்டின் ஓரங்களைச் சுழியத்துக்கு இறக்கும் ஹான் சாளரத்தால் பெருக்கி, எஃப்எஃப்டி எடுத்து, திறன்களைச் சராசரி எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நம்பத்தகுந்த நிறமாலை கிடைக்கும். முழுப் பதிவுக்கும் ஒரே எஃப்எஃப்டி போட்டால் 2 ஹெர்ட்ஸ் துல்லியம் வருமே என்று தோன்றும். மூச்சலைவின் அதிர்வெண் சுற்றுக்குச் சுற்று மாறிக்கொண்டே இருப்பதால் முகட்டின் அகலமே பல நூறு ஹெர்ட்ஸ் இருக்கலாம். அந்த 2 ஹெர்ட்ஸில் நமக்குக் கிடைப்பது வெறும் முள்காடு.

புரோப் 120 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஸ்கோப் விநாடிக்கு 10 லட்சம் மாதிரிதான் எடுக்கிறது என்று வைப்போம். 1.02 மெகாஹெர்ட்ஸில் அருகிலுள்ள ஒரு சுவிட்ச்சிங் மின்வழங்கி இரைந்தால் அது நம் நிறமாலையில் 20 கிலோஹெர்ட்ஸில், மூச்சலைவு இருக்க வேண்டிய அதே இடத்தில், அழகான கூர்முகடாக வந்து உட்காரும். கூர்மையே காட்டிக்கொடுக்கும் அடையாளம்: பிளாஸ்மா முகடு அவ்வளவு மெலிந்து இருப்பதில்லை. உந்தியை அணைத்துவிட்டு, மற்ற எல்லா மின்வழங்கிகளையும் ஓடவிட்டு ஒரு வெற்றுப் பதிவு எடுத்து வைத்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. மாதிரியெடுப்புக்கு முன்னால் அனலாக் தடுப்பு ஃபில்டர் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களில் நிற்கும் முகடுகளும் ஏமாற்றுபவை. வீச்சு பெரிதாகும்போது அலைவடிவம் சைன் போல இராது. கூர்மையான எழுச்சி, நீண்ட தாழ்வு. அந்த வடிவமே இயல்பாக மடங்கு அதிர்வெண்களைப் பிறப்பிக்கும். நேர அச்சில் அலையை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் விளங்கிவிடும் இதை, நிறமாலையை மட்டும் பார்ப்பவர்கள் இரண்டாவது அலைவு, மூன்றாவது அலைவு என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள்.

வீச்சை எண்ணாகச் சொல்லும்போது சராசரி, ஆர்எம்எஸ் (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்), உச்சத்துக்கு உச்சம் மூன்றையும் கொடுங்கள். உச்சத்துக்கு உச்சம் என்பது பதிவின் நீளத்தைச் சார்ந்தது. நீளமாகப் பதிவு செய்யச் செய்ய எப்போதாவது வரும் ஒரு பெரிய எகிறல் மாட்டும், எண் கூடும். கெபாசிட்டரின் வெப்பத்தைத் தீர்மானிப்பது ஆர்எம்எஸ். மின்வழங்கியின் அதிமின்னோட்டப் பாதுகாப்பைத் தட்டிவிடுவது உச்சம். இரண்டும் இருவேறு பொறியாளர்களின் கவலை.

ஆரக்கால்களுக்கு வருவோம். சேனலைச் சுற்றி, எலெக்ட்ரான்கள் வட்டமடிக்கும் அதே திசையில், பிரகாசமான பட்டைகள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஓடும். 1966-இலேயே ஜேன்ஸும் லோடரும் இவற்றைப் பதிவு செய்துவிட்டார்கள். எலெக்ட்ரான்களின் நகர்வு வேகம், மீட்டருக்கு 20 கிலோவோல்ட் மின்புலமும் 20 மில்லிடெஸ்லா காந்தப்புலமும் இருந்தால் விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர். ஆரக்காலின் வேகமோ விநாடிக்கு ஒன்று இரண்டு கிலோமீட்டர்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

எஸ்பிடி-100 அளவுள்ள சேனலை எடுத்துக்கொள்வோம். சராசரி விட்டம் 85 மில்லிமீட்டர், சுற்றளவு 267 மில்லிமீட்டர். விநாடிக்கு 1500 மீட்டர் வேகத்தில் ஒரு சுற்றுக்கு 178 மைக்ரோவிநாடி. ஒரே ஓர் ஆரக்கால் என்றால் ஓர் இடத்தில் நிற்கும் புரோப் 5.6 கிலோஹெர்ட்ஸ் காணும். மூன்று ஆரக்கால் என்றால் 16.8 கிலோஹெர்ட்ஸ். மூச்சலைவின் வட்டாரமேதான். அந்த ஒற்றைப் புரோபின் நிறமாலை இரண்டையும் பிரித்துக் காட்டாது.

ஆனோடுக் கம்பியில் ஓடும் மொத்த டிஸ்சார்ஜ் மின்னோட்டமோ இதற்கு நேர்மாறான பொய்யைச் சொல்லும். சீரான இடைவெளியில் ஓடும் மூன்று ஆரக்கால்களின் மேடும் பள்ளமும் மொத்த மின்னோட்டத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். உள்ளே பட்டைகள் சுழன்றுகொண்டிருக்க, ஆனோடுக் கம்பி அமைதியாக இருக்கும். அமைதியான மின்னோட்டம் என்றால் அலைவு இல்லை என்று எழுதுவது இங்கே செல்லாது. பிரின்ஸ்டன் ஆய்வகத்தில் உருளை வடிவ ஹால் உந்தியில் ஆனோடைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டின் மின்னோட்டத்தையும் தனித்தனியாக அளந்தபோது, மொத்த மின்னோட்டத்தின் பாதியோ அதற்கு மேலோ ஆரக்கால் வழியே போவதைக் கண்டார்கள். பின்னர் ஒவ்வொரு துண்டுக்கும் தொடரில் ஒரு மின்தடையை வைத்து, ஆரக்கால் வந்து தொடும் துண்டின் மின்னழுத்தம் தானே குறையும்படி செய்து அதை அடக்கியும் காட்டினார்கள். கையடக்கமான, கெட்டிக்கார யோசனை.

துண்டு ஆனோடு இல்லாதவர்கள், சேனல் வாய்க்குச் சற்று வெளியே, சுற்றுவாட்டில் தள்ளித்தள்ளி அயனி நிறைவுப் புரோப்கள் வைக்கலாம்: டங்ஸ்டன் கம்பி, எதிர்மின்னழுத்தம், மின்தடையின் குறுக்கே அளவீடு. 30 பாகை தள்ளிய இரண்டு புரோப்களுக்கு இடைத்தூரம் 22 மில்லிமீட்டர். ஆரக்கால் அதைக் கடக்க சுமார் 15 மைக்ரோவிநாடி. குறுக்குத் தொடர்புச் சார்பில் அந்தத் தாமதம் தெரிந்தால் ஆரக்கால். தாமதம் இல்லாமல் இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கி, டிஸ்சார்ஜ் மின்னோட்டத்தோடும் ஒத்துப்போனால் மூச்சலைவு.

வைக்கும் இடத்தில் கவனம் தேவை. எதிரெதிரே 180 பாகையில் இரண்டு புரோப் வைத்தால், இரண்டு ஆரக்கால் ஓடும் நிலைக்கும் சேனல் முழுவதும் ஒன்றாக மூச்சுவிடும் நிலைக்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டிலும் தாமதம் சுழியம். மூன்று புரோப்களைச் சமமற்ற இடைவெளியில் வைப்பது மேல்.

கேபிளின் மின்தேக்கம் இன்னொரு பொறி. கோ-ஆக்சியல் கேபிள் மீட்டருக்கு சுமார் 100 பிக்கோஃபாரட். 10 மீட்டருக்கு 1 நானோஃபாரட். சமிக்ஞை பெரிதாகத் தெரியவேண்டும் என்று 10 கிலோஓம் மின்தடையைப் போட்டால் வெட்டு அதிர்வெண் 16 கிலோஹெர்ட்ஸ். அளக்க வந்த அலைவே அங்கேதான் இருக்கிறது: வீச்சு முப்பது விழுக்காடு குறையும், கட்டம் 45 பாகை தள்ளும். இரு புரோப்களில் கேபிள் நீளம் வேறுவேறாக இருந்துவிட்டால் இல்லாத ஆரக்கால் ஒன்று பிறந்துவிடும். 100 ஓம் போட்டு, சமிக்ஞையை ஆம்ப்ளிஃபையரால் பெருக்குங்கள். புரோபைச் சேனலுக்குள் நுழைப்பதாக இருந்தால் அதிவேக நகர்த்தி கொண்டு 100 மில்லிவிநாடிக்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் இருந்தால் அலுமினா உறை ஆவியாகி, உந்தியின் நிலையையே மாற்றிவிடும். புரோப் உள்ளே போகும்போது டிஸ்சார்ஜ் மின்னோட்டம் எவ்வளவு அசைகிறது என்பதைக் கூடவே பதிவு செய்யாத அளவீடு நம்பத்தக்கதல்ல.

இவற்றையெல்லாம் விட நேர்த்தியானது அதிவேகக் காமிரா. மிச்சிகன் குழு எச்6 என்ற 6 கிலோவாட் உந்தியை விநாடிக்கு 87,500 படங்கள், 256க்கு 256 புள்ளிகள் என்று அச்சுத்திசையில் நேர் எதிரிலிருந்து படம்பிடித்தது. செயல்முறை எளிது. எல்லாப் படங்களின் சராசரியை ஒவ்வொன்றிலிருந்தும் கழிக்க வேண்டும். வளையத்தை 2 பாகைக்கு ஒன்றாக 180 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் ஒளியையும் கூட்டி, கோணம் ஓர் அச்சு, நேரம் மறு அச்சு என்று வரைய வேண்டும். ஆரக்கால்கள் அந்தப் படத்தில் சாய்ந்த கோடுகளாக ஓடும், சாய்வே வேகம். மூச்சலைவு, கோண அச்சின் நெடுக ஒரே நேரத்தில் எழுந்து விழும் பட்டைகளாக நிற்கும். இரண்டு அச்சிலும் எஃப்எஃப்டி எடுத்தால் ஆரக்கால் எண்ணிக்கை வாரியாகத் தனித்தனி நிறமாலை கிடைத்துவிடும். எச்6-இல் ஆரக்கால் வேகம் விநாடிக்கு 1500 முதல் 2200 மீட்டர் என்று இப்படித்தான் கிடைத்தது. இந்தக் காமிராவுக்கு 43.75 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை என்பது நினைவில் இருக்கட்டும்.

அதே எச்6-இல் நடந்த இன்னொரு சோதனைதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது. மின்னழுத்தத்தையும் வாயு ஓட்டத்தையும் மாற்றாமல், காந்தச்சுருள் மின்னோட்டத்தை மட்டும் படிப்படியாகக் குறைத்தார்கள். வலுவான காந்தப்புலத்தில் ஆரக்கால்கள் ஓடும், மின்னோட்ட அடர்த்தியின் ஆட்டம் சராசரியில் 10 முதல் 20 விழுக்காடு. ஒரு எல்லைக்குக் கீழே போனதும் ஆரக்கால்கள் மங்கி, சேனல் முழுவதும் ஒன்றாக மூச்சுவிடத் தொடங்கும், ஆட்டம் 100 விழுக்காட்டைத் தொடும். சராசரி மின்னோட்டமும் கூடும். உந்துவிசை மட்டும் அப்படியே இருக்கும். விளைவு: வாட்டுக்கு இத்தனை நியூட்டன் என்ற கணக்கில் 25 விழுக்காடு இழப்பு. கூடுதலாக ஓடியது உந்துவிசை தராத எலெக்ட்ரான் ஓட்டம். மின்னழுத்தத்தையோ வாயு ஓட்டத்தையோ கூட்டினால் அந்த எல்லை வலுவான காந்தப்புலத்தின் பக்கம் நகரும். ஓரிடத்தில் சோதித்துவிட்டு எல்லா இடத்துக்கும் அதே சுருள் மின்னோட்டத்தை வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைகள். புதிதாகக் கலனுக்குள் வைத்த உந்தியின் பீங்கான் சுவர் ஈரத்தைக் கக்கும். அந்த மணிநேரங்களில் அலைவு தாறுமாறாக இருக்கும், எதையும் எழுதாதீர்கள். சராசரி மின்னோட்டமும் உடல் வெப்பநிலையும் நிலைத்த பிறகு தொடங்குங்கள். உள்சுருள், வெளிச்சுருள் விகிதத்தை மாற்றாமல் இரண்டையும் சேர்த்தே குறையுங்கள். விகிதம் மாறினால் புலத்தின் வடிவமே மாறும், பிறகு எதனால் என்ன ஆனது என்று சொல்ல முடியாது. மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. காந்த இரும்புக்குத் தயக்கம் உண்டு. ஒரே சுருள் மின்னோட்டத்துக்கு இரு திசைகளில் இரு புலம் கிடைக்கும், எல்லையும் இரு இடங்களில் தெரியும். எஸ்பிடி-100-இல் காந்தச்சுருள்கள் டிஸ்சார்ஜோடு தொடரில் இணைந்திருப்பதால் மின்னோட்டம் ஏறினால் புலமும் ஏறும்; இந்தச் சோதனைக்குச் சுருள்களைத் தனி மின்வழங்கிக்கு மாற்றியாக வேண்டும்.

கலனின் அழுத்தமும் கணக்கில் வரும். செனானுக்குத் திருத்திய அழுத்தம் 5×10⁻⁵ டார் (அழுத்த அலகு) என்றால், எஸ்பிடி-100 வாயின் பரப்பில் பின்னோக்கி நுழையும் செனான் விநாடிக்கு சுமார் 0.08 மில்லிகிராம், ஆனோடு ஓட்டத்தில் ஒன்றரை விழுக்காடு. சின்ன எண்தான். ஆனால் அது ஆனோடு வழியே வராமல், முடுக்கம் நடக்கும் இடத்திலேயே வந்து விழுகிறது என்பதால் அலைவின்மேல் அதன் பாதிப்பு அந்த விகிதத்தை விடக் கூடுதலாக இருக்கலாம். அழுத்தமானி நைட்ரஜனுக்கு அளவிடப்பட்டது; செனானுக்கு 2.87 ஆல் வகுக்க வேண்டும். இதை வகுத்தவர்களும் வகுக்காதவர்களும் ஒரே வரைபடத்தில் தம் புள்ளிகளைப் போட்டுக்கொண்டிருப்பது இன்றும் நடக்கிறது.

கேத்தோடைச் சந்தேகப்பட வேண்டிய நேரங்கள் உண்டு. அதன் வழியே போகும் வாயு ஆனோடு ஓட்டத்தில் 7 முதல் 10 விழுக்காடு. குறைந்துபோனால் கேத்தோடின் முன்னே பிளாஸ்மா நிலையிழந்து, பல பத்து கிலோஹெர்ட்ஸ் முதல் மேலே இரைச்சல் எழும். கேத்தோடைச் சுற்றியுள்ள துணை மின்முனையான கீப்பரின் மின்னழுத்தத்தை ஸ்கோப்பின் தனிச் சேனலில் பார்த்தால் அங்கேதான் முதலில் தெரியும். கேத்தோடு வாயுவைச் சற்றே கூட்டும்போது ஒரு முகடு அடங்குகிறது, ஆனோடு வாயுவுக்கு அசைவதில்லை என்றால் விடை கையில் இருக்கிறது.

இதுவரை பேசியதெல்லாம் நூறு கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. ஆய்வாளர் ஷூரி 2001-இல் எழுதிய ஆய்வுத் தொகுப்பு 1 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 60 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவுகளைப் பட்டியலிடுகிறது. மேல்பகுதியில் இன்று அதிகம் பேசப்படுவது எலெக்ட்ரான் சைக்ளோட்ரான் நகர்வு நிலையின்மை. எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தைத் தாண்டி ஆனோடுக்கு எதிர்பார்த்ததை விட அதிகமாகக் கசிவதற்கு இதையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். 20 மில்லிடெஸ்லாவில் சைக்ளோட்ரான் கோண அதிர்வெண்ணை நகர்வு வேகத்தால் வகுத்தால் அலையெண் கிடைக்கும்; இரண்டு பையை அதனால் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர் வரும். சுற்றளவில் சுமார் 150 அலைகள். ஆனோடுக் கம்பியில் அவை எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 5 மில்லிமீட்டர் நீளப் புரோப் முனையை அலைத்திசையில் வைத்தால் அதுவும் இரண்டு மூன்று அலைகளைச் சராசரி எடுத்து விழுங்கிவிடும். எனவேதான் பிரான்சின் ஒர்லியான் நகரிலுள்ள பிவுவான் என்ற வெற்றிடக் கலனில், பிபிஎஸ்-எக்ஸ்000 உந்தியின்மேல் 10.6 மைக்ரோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசரைச் செலுத்தி, சிதறிய ஒளியிலிருந்து மில்லிமீட்டர் அலைநீள, மெகாஹெர்ட்ஸ் அலைகளைக் கண்டார்கள். அந்த முடிவுகள் 2009-இல் வெளியாயின. ஆனோடு மின்னோட்டத்தில் 5 மெகாஹெர்ட்ஸ் முகடு கண்டு இந்த நிலையின்மையைப் பிடித்துவிட்டதாக யாராவது சொன்னால், கேபிளின் எதிரொலிப்பை முதலில் விசாரியுங்கள்.

விண்ணில் ஓடும் உந்திக்குக் காமிராவும் இல்லை, லேசரும் இல்லை. தொலையளவியில் பொதுவாக வருவது நிதானமாக மாதிரியெடுத்த சராசரி மின்னோட்டம், மின்னழுத்தம், சுருள் மின்னோட்டம். அலைவின் நிறமாலை அதில் கிடைக்காது. நிலை மாறியதன் சாயல் கிடைக்கும். காந்தப்புலத்தைக் குறைக்கையில் உந்துவிசை மாறாமல் சராசரி மின்னோட்டம் மட்டும் படிபோல ஏறினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இதற்காகத்தான் தரையிலேயே மின்னோட்டம், மின்னழுத்தம், காந்தப்புலம் மூன்றையும் வைத்து வரைபடம் போட்டுக்கொள்கிறார்கள். வரைபடத்தில் மின்னோட்டம் மிகக் குறைவாகத் தெரியும் புள்ளியிலேயே சுருளை நிறுத்தப் பலருக்கும் ஆசை வரும். அந்தப் புள்ளி பல நேரம் எல்லையை ஒட்டியே இருக்கும்; விண்ணில் கலன் அழுத்தம் இல்லை, கேபிள் வேறு, ஃபில்டர் வேறு, சுவரும் மணிக்கணக்கில் தேய்ந்துகொண்டே போகும் என்பதால் எல்லை நகரும். சுருள் மின்னோட்டத்தை அதற்குச் சற்று மேலே, வலுவான புலத்தின் பக்கம் தள்ளி வையுங்கள். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதைக் கெபாசிட்டரையும் கேபிள் நீளத்தையும் விண்கலத்தில் இருப்பதுபோலவே வைத்து, கலன் அழுத்தத்தை இரண்டு மூன்று நிலைகளில் மாற்றி, எல்லை எவ்வளவு நகர்கிறது என்று தரையில் அளந்து தீர்மானிக்க வேண்டும்.